வீட்டில் ஃப்ரைடு ரைஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிலிருந்து திரும்பி, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, எட்டரை மணிக்குள் நால்வருக்கு இரவுச் சாப்பாட்டை முடிக்க வேண்டியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கு உள்ளன. டம்ளர் என்று வரும் இடங்களில் 200 மில்லிலிட்டர் என்றும், மேசைக்கரண்டி என்பதற்கு 15 மில்லிலிட்டர் என்றும், தேக்கரண்டி என்பதற்கு 5 மில்லிலிட்டர் என்றும் கொள்ளவும்.

ஃப்ரைடு ரைஸ் சீன உணவுதானே? நாம் செய்வதும் அதுவேதானா?

தோற்றம் சீனாவில்தான். மீந்த சோற்றை வீணாக்காமல், கையில் இருக்கும் முட்டையையும் காய்கறியையும் இறைச்சித் துண்டுகளையும் சேர்த்து வறுத்து உண்ணும் வழக்கம் அங்கு பழமையானது. ஜியாங்சு மாகாணத்தின் யாங்சோ நகரத்தின் பெயரைத் தாங்கிய ஃப்ரைடு ரைஸ் அவற்றுள் புகழ்பெற்றது. அதில் இறாலும் முட்டையும் பன்றி இறைச்சியும் இருக்கும். கொல்கத்தாவில், குறிப்பாகத் தாங்க்ரா பகுதியில், குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையல் இந்திய நாக்குக்கு ஏற்ப மாறி, பச்சை மிளகாயும் தாராளமான பூண்டும் சேர்ந்து, இந்தியச் சீனச் சமையல் என்ற தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் சாலையோரப் பாஸ்ட் புட் கடைகளில் கிடைப்பது அந்த வகையின் ஒரு கிளை: பாசுமதி அரிசி, கோஸ், கேரட், பீன்ஸ், வெள்ளை மிளகுத்தூள், சோயா சாஸ் சில துளிகள். மலேசியா, சிங்கப்பூரில் உள்ள தமிழர்களுக்கு நாசி கோரேங் பழக்கமாக இருக்கும்; மலாய் மொழியில் நாசி என்றால் சோறு, கோரேங் என்றால் வறுத்தது. ஆக, சீனாவில் உண்பதைப் போல இல்லை என்று யாராவது குறை சொன்னால் வருந்த வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவது நம் கடைகளின் வகைதான்.

உண்மையிலேயே இது விரைவான சமையலா? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அடுப்பில் வறுக்கும் நேரம் மட்டும் பதினைந்து நிமிடம். ஆனால் அரிசியை ஊறவைப்பதிலிருந்து தொடங்கினால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரிசி 20 நிமிடம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் காய் நறுக்கிவிடலாம், உலையும் வைத்துவிடலாம். வெந்து வடிக்கப் பத்து நிமிடம், விசிறிக்கடியில் பரப்பி ஆறவைக்க அரை மணி நேரம், பிறகு வறுப்பது. இந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நம் கைக்கு வேலை இருப்பது முப்பத்தைந்து நிமிடம்தான். மீதியைச் சோறு தானே பார்த்துக்கொள்ளும். காலையிலேயே சோறு வடித்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால், மாலையில் 25 நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

நால்வருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

இரண்டு டம்ளர் பாசுமதி அரிசி, அதாவது சுமார் 350 கிராம், பெரியவர் இருவரும் வளரும் பிள்ளைகள் இருவரும் வயிறாரச் சாப்பிடப் போதும். அதற்குப் பெரிய கேரட் ஒன்று, பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு, கைப்பிடி அளவு நறுக்கிய கோஸ், பாதிக் குடைமிளகாய், வெங்காயத்தாள் நான்கைந்து தண்டு, பூண்டு ஆறு பல், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, முட்டை மூன்று. எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, உப்பு தேவையான அளவு. வெள்ளை மிளகு இல்லையென்றால் கறுப்பு மிளகைப் பொடித்துப் போடலாம். சுவை சற்று மாறும், கறுப்புப் புள்ளிகளும் தெரியும், வேறு குறையில்லை.

காய்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சத்துக்காக என்று காயின் அளவை இரட்டிப்பாக்கினால், அவை விடும் நீரில் சோறு வேகத் தொடங்கிவிடும். காய் நிறைய வேண்டும் என்பவர்கள் அதைத் தனியே வதக்கித் தட்டில் எடுத்து வைத்து, கடைசியில் கலப்பதே நல்லது.

பாசுமதிதான் வேண்டுமா? பொன்னி அரிசியில் வராதா?

வரும். பாசுமதியின் சிறப்பு, வேகும்போது அகலத்தைவிட நீளத்தில் அதிகம் வளர்வதும், வெந்த பிறகு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதும் ஆகும். அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வகை உண்டு. அமைலோபெக்டின் மிகுந்த அரிசி பிசுபிசுக்கும், அமைலோஸ் கூடக்கூட உதிரியாகும். பாசுமதி உதிரியாகும் பக்கத்தைச் சேர்ந்தது. கடையில் வாங்கும்போது ஓராண்டாவது வைத்திருந்த பழைய அரிசியாகப் பார்த்து வாங்கினால் பதம் தவறுவது குறைவு. புது அரிசி எளிதில் குழையும்.

ஆனால் அன்றாடம் சமைக்கும் புழுங்கலரிசிச் சோறு மீந்திருந்தால், அதை ஒதுக்கிவிட்டுப் பாசுமதி வாங்க ஓடுவது தேவையற்றது. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திய பிறகே அரைத்தெடுப்பதால் புழுங்கலரிசியின் மணிகள் இறுகியிருக்கும். வறுக்கும்போது எளிதில் உடையாது. மணம் குறைவுதான், பூண்டும் வெங்காயத்தாளும் அதை ஈடுகட்டிவிடும். சற்றுப் பருத்த மணிகளோடு செய்த ஃப்ரைடு ரைஸ் என் வீட்டில் பலமுறை முழுதாகக் காலியாகியிருக்கிறது. பச்சரிசிப் பொன்னியில் செய்வதானால் நீரைக் குறைத்து, முக்கால் பதத்தில் இறக்க வேண்டும். சீரகச் சம்பா பிரியாணிக்குத்தான் பொருத்தம். அதன் தனி வாசனை சோயா சாஸுடன் இணங்குவதில்லை என்பது என் கருத்து.

சோற்றைக் குக்கரில் வைப்பதா, வடிப்பதா?

நேரம் இருந்தால் வடியுங்கள். அகலமான பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இரண்டு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, ஊறிய அரிசியை நீர் வடித்துப் போடவும். கொதி நிற்காமல் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு நிமிடத்தில் பதம் வந்துவிடும். ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பாருங்கள்: வெளிப்பக்கம் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிறிய கட்டி தட்டுப்பட வேண்டும். அதுவே இறக்கும் நேரம். அந்தக் கட்டியும் கரையட்டும் என்று இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தால், வடித்த பிறகு தன் சூட்டிலேயே வெந்து சோறு மிஞ்சிக் குழையும். கஞ்சியோடு மேற்பரப்பு மாவும் வெளியேறிவிடுவதால்தான் வடித்த சோறு ஒட்டுவதில்லை.

குக்கரில் வைப்பவர்கள் ஊறிய அரிசி ஒரு டம்ளருக்கு ஒன்றேகால் டம்ளர் நீருக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக அடங்கியதும் உடனே திறந்து, சோற்றைப் பரப்பிவிட வேண்டும். மூடியபடியே விட்டுவிட்டால் ஆவி மீண்டும் நீராகிச் சோற்றின் மேலேயே விழும்.

சோறு ஏன் ஆற வேண்டும்? முதல் நாள் சோறுதான் சிறந்தது என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள், ஏனெனில் வீட்டு ஃப்ரைடு ரைஸ் பெரும்பாலும் சோற்றின் ஈரத்தினால்தான் கெடுகிறது. சாஸின் குறையினால் கெடுவது அபூர்வம்.

வறுபடுதல் என்பது பொருளின் மேற்பரப்பு நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகும்போது நடப்பது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அடுப்பின் வெப்பமெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. சோறு 100 பாகைக்கு மேல் ஏற முடியாமல் ஆவியிலேயே வெந்துகொண்டிருக்கும். பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மாற்றம் வேகம் பிடிப்பதோ சுமார் 140 பாகை செல்சியஸுக்கு மேல். ஆகவே ஈரம் போகாமல் மணம் வராது.

இத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. வெந்த சோற்றின் மாவுச்சத்து, ஆறும்போது மீண்டும் இறுகத் தொடங்குகிறது. ஃபிரிட்ஜின் குளிரில் அந்த இறுக்கம் விரைவாகக் கூடுகிறது. முந்தைய நாளின் சோறு விறைத்திருப்பது இதனால்தான். விறைத்த மணி கரண்டியின் குத்தைத் தாங்கும், சூடான சோறு தாங்காது. ஆகவே முதல் நாள் சோறு சிறந்தது என்பது சரியே. அதற்காக இன்றைக்கு வடித்த சோற்றில் செய்யவே கூடாது என்பதில்லை. வடித்ததும் இரண்டு தாம்பாளங்களில் ஒரு விரல் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, விசிறியை முழு வேகத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்கரண்டியால் மெல்லப் புரட்டிவிட்டால், அரை மணி நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்துவிடும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும், உள்ளங்கையில் ஈரம் படக் கூடாது.

ஒரு மழைநாள் மாலையில் நான் இதையெல்லாம் பொருட்படுத்தாமல், குக்கரைத் திறந்த கையோடு சோற்றை வாணலியில் கொட்டினேன். சளசளவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது; பிறகு சத்தமே இல்லை. கிளறக் கிளறக் கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வந்தது. தட்டில் வைத்ததும் மகன் பார்த்துவிட்டு, "அம்மா, இது காய்கறிப் பொங்கலா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான்.

வெளியில் வைத்திருந்த சோற்றில் செய்யலாமா? பழைய சோறு இரவெல்லாம் வெளியில்தானே இருக்கிறது?

கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடியவை. அவை கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. வெந்த சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு வெப்பத்தைத் தாங்குவது. எவ்வளவு சூட்டில் வறுத்தாலும் அழியாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸைச் சாப்பிட்டவர்களிடம்தான் இந்த வாந்தி நோய் முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. குளிரில் வைத்தால் சோறு கட்டியாகிவிடும் என்று அங்கிருந்த சமையற்காரர்கள் வடித்த சோற்றை இரவு முழுதும் வெளியிலேயே விட்டிருந்தார்கள். அந்த நோய்க்கு ஃப்ரைடு ரைஸின் பெயரே ஒட்டிக்கொண்டது.

பழைய சோற்றின் கதை வேறு. அது நீரில் மூழ்கியிருக்கிறது. அந்த நீரில் தயிரைப் புளிக்கச் செய்வது போன்ற நுண்ணுயிர்கள் வளர்ந்து அமிலத்தை உண்டாக்குவதால், மற்றவை பெருகுவது தடைப்படுகிறது. வடித்த சோற்றுக்கு அந்தப் புளிப்பின் காவல் கிடையாது. ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும். நம் ஊர்க் கோடையில் இதில் தாராளம் காட்டுவது சரியல்ல. செய்து முடித்த ஃப்ரைடு ரைஸ் மீந்தாலும் இதே விதிதான். மறுபடி சூடாக்குவது ஒருமுறை மட்டுமே, அதுவும் ஆவி பறக்கும் அளவுக்கு.

கடையில் வரும் அந்தப் புகை மணம் வீட்டில் வருவதில்லையே?

முழுதாக வராது. கடையின் அடுப்பு நம் வீட்டு எரிவாயு அடுப்பைவிடப் பல மடங்கு வெப்பம் தருவது. மெல்லிய இரும்புச் சட்டியைத் தழுவி மேலேறும் தீயில், தூக்கிப் போடும் சோறும் எண்ணெய்த் துளிகளும் ஒரு நொடி நேரடியாகத் தீயைத் தொட்டுவிட்டு வருகின்றன. கான்டன் சீனர்கள் அந்த மணத்தை "வோக் ஹெய்" என்று சொல்வார்கள். சட்டியின் மூச்சு என்று பொருள் கொள்ளலாம்.

வீட்டில் அதற்கு அருகில் செல்ல ஒரே வழி, ஒரு தடவைக்குப் போடும் அளவைக் குறைப்பது. நால்வருக்கான சோற்றை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு முறை வறுக்கவும். எட்டுப் பேர் என்றால் நான்கு முறை. ஒரே தடவையில் கொட்டினால் சட்டியின் சூடு அப்படியே விழுந்துவிடும். சிறிய அடுப்பால் அதை மீட்க முடியாது. இரண்டு முறை செய்வது நேர விரயம் போலத் தோன்றினாலும், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்தில் முடிவதால், மொத்தமாகக் கொட்டிப் போராடும் நேரத்தைவிடக் குறைவாகவே ஆகும்.

எந்தப் பாத்திரம் ஏற்றது?

இரும்பு வாணலி. தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவதைப் போலவே இதையும் பழக்க வேண்டும். பழகிய பிறகு சோறு ஒட்டாது. கழுவியதும் ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துளி எண்ணெயைத் தடவி வைக்கவும். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாகப் பெரிய தீயில் காயவைப்பது தவறு, சுமார் 260 பாகைக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். ஆகையால் அதில் செய்பவர்கள் நடுத்தரத் தீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் அடி தட்டையான இரும்புச் சட்டி வேண்டும். தட்டையான தோசைத் திருப்பியால் அடியிலிருந்து அள்ளிப் புரட்டுங்கள், குழிக்கரண்டி சோற்றை நசுக்கும்.

எண்ணெய்? நல்லெண்ணெயில் செய்யலாமா?

சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். இரண்டும் அதிகச் சூட்டைத் தாங்கும். சீனச் சமையலில் எள்ளெண்ணெய் சேர்ப்பதைப் படித்துவிட்டு நல்லெண்ணெயை ஊற்றுபவர்கள் உண்டு. சீனர்கள் சொல்வது வறுத்த எள்ளிலிருந்து எடுத்த, கரும்பழுப்பான, கடுமணம் கொண்ட எண்ணெய்; அதையும் சமைக்கும் எண்ணெயாக ஊற்றுவதில்லை, இறக்கும்போது அரைத் தேக்கரண்டி விடுவார்கள். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டியது. அதை ஊற்றினால் புளியோதரையின் நினைவுதான் வரும்.

காய்களை எப்படி நறுக்குவது? முதலில் வேகவைக்க வேண்டுமா?

வேகவைக்க வேண்டாம். பொடியாகவும் ஒரே அளவாகவும் நறுக்கினால் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடத்தில் வதங்கிவிடும். கேரட்டையும் பீன்ஸையும் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, கோஸை மெல்லிய கீற்றாக, குடைமிளகாயைச் சிறு சதுரமாக நறுக்கவும். கழுவுவது நறுக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் நீரைப் பிடித்துக்கொள்ளும். உறைந்த பட்டாணியை வெந்நீரில் இட்டு எடுத்து, துணியில் ஒற்றிப் போடவும். காளான் நிறைய நீர் விடும். அதைத் தனியே வறுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது?

அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிண்ணங்களில் இருக்க வேண்டும். பற்றவைத்த பிறகு மிளகுத்தூள் டப்பாவைத் தேடினால் பூண்டு கருகிவிடும். எல்லாவற்றையும் இரு பங்காக்கிக்கொண்டு முதல் பங்கைத் தொடங்கவும்.

வாணலியைப் பெரிய தீயில், புகை எழத் தொடங்கும்வரை காயவைத்து, எண்ணெய் விட்டுச் சுழற்றவும். அடித்த முட்டையை ஊற்றினால் ஓரம் பொங்கி எழும். அது பாதி இறுகும்போதே இரண்டு புரட்டுப் புரட்டி எடுத்துத் தட்டில் வைத்துவிடவும். மீண்டும் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டையும் இஞ்சியையும் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் கேரட்டையும் பீன்ஸையும் சேர்க்கவும். ஒரு நிமிடம் கழித்துக் கோஸும் குடைமிளகாயும், சிட்டிகை உப்பும். காய் நிறம் ஏறிப் பளபளக்கும்போது, இன்னும் கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே, சோற்றைப் போடவும்.

இப்போது காதால் சமைக்க வேண்டும். உலர்ந்த சோறு காய்ந்த வாணலியில் விழுந்தால் பொரிவது போலச் சடசடவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இருக்கும்வரை வறுபடுகிறது என்று பொருள். அது முனகலாகத் தணிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அறிந்து, கிளறுவதை நிறுத்தி, சோற்றை வாணலி முழுதும் பரப்பி அரை நிமிடம் அப்படியே விடவும். இடைவிடாமல் கிளறுவது பலரும் செய்யும் பிழை. வாணலியைத் தொட்டுக்கொண்டிருக்க அவகாசம் தந்தால்தான் மணி வறுபடும். ஒரு புரட்டு, அரை நிமிட ஓய்வு, மீண்டும் ஒரு புரட்டு என்று போக வேண்டும். சில மணிகள் வாணலியில் துள்ளத் தொடங்கியதும் மிளகுத்தூளையும் மீதி உப்பையும் தூவி, சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் வாணலியின் காய்ந்த விளிம்பில் வட்டமாக விடவும். அது விழுந்த இடத்திலேயே நுரைத்துச் சற்றுக் கருகி, அந்த மணத்தோடு சோற்றில் சேரும். முட்டையைத் திரும்பப் போட்டு, வினிகரைத் தெளித்து, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவி, ஒரு புரட்டில் இறக்கிவிடலாம். அடுத்த பங்கைத் தொடங்கும் முன் வாணலியைத் துடைத்துவிட்டு மறுபடி காயவைக்க மறக்கக் கூடாது.

கோழி, இறால் சேர்ப்பதானால்?

எலும்பில்லாத கோழியைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி, கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி சோளமாவு பிசறிப் பதினைந்து நிமிடம் வைக்கவும். சோளமாவு சாறு வெளியேறாமல் ஓர் உறை போலக் காக்கும். தனியே நான்கைந்து நிமிடம் வறுத்து, துண்டை வெட்டிப் பார்த்து உள்ளே சிவப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்து வைத்து, சோற்றோடு கடைசியில் கலக்கவும். இறாலுக்கு இரண்டு நிமிடம் போதும். அது சுருண்டு நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும், மீறினால் ரப்பராகும். பன்னீரும் முந்தைய வேளையில் மீந்த வறுவல் கோழியும் வேலையை இன்னும் சுருக்கும். முட்டை சேர்க்காதவர்கள் அந்தப் படியை விட்டுவிடலாம், வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை.

சோயா சாஸ் சேர்த்தால் சோறு கறுப்பாகி உவர்க்கிறது. எங்கே பிழை?

அளவிலும் வகையிலும். நம் கடைகளில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் கரிய நிறமூட்டிய சாஸ்; நீர்த்த வெளிர் வகையும் உண்டு. வெளிர் வகையில் நிறம் குறைவாக இருந்தாலும் உப்பு குறைவில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி உப்புக்குச் சற்றுக் குறைவான கணக்கு. சோறு வடிக்கும்போதும் உப்பு போட்டிருப்போம், காய்க்கும் போட்டிருப்போம், சாஸும் உவர்க்கும். ஆகவே கடைசி உப்பை வாயில் வைத்துப் பார்த்த பிறகே போட வேண்டும். நம் ஊர்க் கடைகளின் வெஜ் ஃப்ரைடு ரைஸ் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; சாஸ் அங்கே வாசனைக்கு மட்டும்தான். கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் பாட்டிலின் சீட்டைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலான சோயா சாஸில் கோதுமையும் சேர்கிறது.

அஜினோமோட்டோ கெடுதலா?

அளவோடு சேர்த்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை என்பதே உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. "சுவையின் சாரம்" என்பது பெயரின் பொருள். தக்காளியிலும் இயல்பாகவே குளூட்டமேட் உண்டு. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன உணவகத்தில் உண்டபின் பிடரி மரத்துப்போவதாக ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து அச்சம் பரவியது. பின்னர் முறையாகச் செய்த சோதனைகளில் அந்த விளைவு உறுதியாகத் திரும்ப வெளிப்படவில்லை. இதைச் சொன்ன பிறகும், நான் வீட்டில் சேர்ப்பதில்லை. சோறு சரியாக வறுபட்டால் அது இல்லாததை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் காரணம். சேர்க்க விரும்புவோர் நால்வருக்குக் கால் தேக்கரண்டியோடு நிறுத்தி, உப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே சமையலில் எப்படி?

இரண்டு பங்காக வறுப்பதன் இன்னொரு நன்மை இதுதான். முதல் பங்கில் மிளகைப் பாதியாக்கிப் பிள்ளைகளுக்கு எடுத்துவிட்டு, இரண்டாம் பங்கில் கீறிய பச்சை மிளகாயையோ ஊறவைத்து அரைத்த வரமிளகாயையோ பூண்டோடு சேர்த்து வதக்கினால் பெரியவர்களுக்குக் காரம் கிடைத்துவிடும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார். சிறுதானியத்தில் செய்யலாமா?

சாமையும் வரகும் இதற்கு நன்றாக வரும். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைவாக நீர் வைத்து, மலர்ந்ததும் இறக்கி, அரிசியைப் போலவே பரப்பி ஆறவைக்கவும். ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பித் தட்டை நிரப்பிக்கொள்ளும் அளவுக்கு வேறுபாடு பெரிதில்லை. அவருக்குத் தரும் தட்டில் சோற்றுக்குச் சமமாகத் தனியே வதக்கிய காயும் முட்டையும் இருக்கட்டும். அளவை அவருடைய மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொள்ளவும்.

தொட்டுக்கொள்ள என்ன செய்வது?

வேலை நாளில் காலிஃபிளவர் மஞ்சூரியனில் இறங்க வேண்டாம். அதற்கு வேறொரு மணி நேரம் வேண்டும். தக்காளி சாஸும், வினிகரில் ஊறிய வெங்காயமும், விரும்பினால் ஒரு வெள்ளரிக்காயும் போதும். வெங்காயத்தை அரிசி ஊறும் நேரத்திலேயே நறுக்கி, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் வினிகரும் சேர்த்து வைத்துவிட்டால் சாப்பிடும்போது பதமாக இருக்கும்.

சோறு குழைந்துவிட்டது, அல்லது உப்பு மிஞ்சிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

வறுக்கும் முன்பே குழைந்தது தெரிந்தால், தட்டில் பரப்பி மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு உலர்ந்து ஓரளவு தேறும். வாணலிக்கு வந்த பிறகு தெரிந்தால் கிளறுவதை நிறுத்தி, அடையைப் போலத் தட்டிப் பரப்பி, அடி பொன்னிறமாகும்வரை விட்டு, துண்டுகளாகப் புரட்டிப் போடுங்கள். ஃப்ரைடு ரைஸ் என்ற பெயர் பொருந்தாது, ஆனால் மொறுமொறுப்பான அந்த அடித்துண்டுகளுக்கு என் வீட்டில் போட்டியே நடக்கும். உப்பு மிஞ்சினால் நீரோ எலுமிச்சைச் சாறோ விட வேண்டாம். உப்பில்லாமல் பொரித்த இரண்டு முட்டையையோ, எடுத்து வைத்த வெறும் சோற்றையோ சேர்த்துப் புரட்டினால் சரியாகும். இதற்காகவே வறுக்கத் தொடங்கும்போது ஒரு கிண்ணம் சோற்றை நான் தனியே ஒதுக்கி வைப்பேன். தேவைப்படாவிட்டால் அதைத் தயிர் ஊற்றிப் பிசைந்து, கடைசியாக உட்காருபவர் சாப்பிட்டுவிடலாம்.